விரல் வெட்டிய கையுறை

ஐலா தன் புதுக் கையுறையைக் கத்தரிக்கோலால் வெட்டியதைப் பார்த்தவன் வேட் ஒருவன்தான். மதியத்துக்குள் காவல் நிலையம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"ஒரு விரலுக்கு மட்டும் கோடைக்காலம் வந்துடுச்சு போல," என்றான் அவன், ரோந்து வண்டியை ஓட்டியபடி. "மத்த நாலும் பொறாமைப்படப் போகுது."

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். வெள்ளையா இருக்கு. பக்கத்துல உள்ளதும் வெள்ளையா இருக்கு. எது ரோடுன்னு நீயே சொல்லு."

ஐலா சிரிக்கவில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் திணித்து உட்கார்ந்திருந்தாள். வெட்டிய துளை வழியாக ஆள்காட்டி விரல் மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்த விரலின் அந்தக் கோலத்துக்குக் காரணம் அவள் இடுப்பில் இருந்த சின்னக் கத்தி.

போன வசந்தத்தில் மதுக்கடைக்குப் பின்னால் ஒரு குடிகாரன் அவள் துப்பாக்கியைப் பிடித்து இழுத்தான். அவள் வலது கையால் துப்பாக்கியை உறைக்குள் அமுக்கிக்கொண்டு, இடது கையால் அவன் முகத்தைத் தள்ளினாள். சுவரைத் தள்ளுவது போல இருந்தது. வேட் ஓடிவந்து அவனைப் பிய்த்து எடுக்கும்வரை அந்த இடது கைக்குச் செய்ய வேறு வேலை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து படுத்தால் அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. வலது கை துப்பாக்கியைக் காக்கும்; இடது கை வெறுங்கையாக இருந்தால் அடுத்த முறை தப்ப முடியாது.

அதனால் ஜூலையில் அந்தக் கத்தியை வாங்கினாள். மடக்குக் கத்தி வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டாள். ஒருவன் மேலே கிடக்கும்போது அதை எவள் விரித்துக்கொண்டிருப்பாள்? உள்ளங்கைக்குள் அடங்கும் கத்தி, ஒரே இழுப்பில் உறையிலிருந்து வர வேண்டும், உட்கார்ந்தால் வயிற்றில் குத்தக் கூடாது. பிடியின் முனையில் இரும்பு வளையம் இருந்தது. ஆள்காட்டி விரலை அதற்குள் விட்டால் எவன் உதறினாலும் கத்தி கையை விட்டுப் போகாது. வண்டியில் அவள் பக்கம் சீட் பெல்ட்டின் கொக்கி இடது இடுப்பில் விழும். அதனால் கத்தியை இன்னும் முன்னால் தள்ளி, தொப்புளுக்குச் சற்று இடப்பக்கம் மாட்டிக்கொண்டாள். வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, இடது கையால் உருவி உருவிப் பழகினாள்.

மான் வேட்டைக்காரர்கள் நிறைந்த ஊர் அது. அந்தக் கத்தியைப் பார்த்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு. "இதால வெண்ணெய் தடவலாம்," என்றார் சார்ஜென்ட். ஐலா பொறுத்துக்கொண்டாள்.

கடும் குளிர் வந்து கனத்த கையுறையை எடுத்த காலையில்தான் அவளுக்குத் தன் தவறு தெரிந்தது. வலது கைக்குத் துப்பாக்கிக்கென்று மெல்லிய கையுறை. இடது கை வண்டிக் கதவும் டார்ச்சும் பிடிக்கும் கை என்பதால் அதற்குக் கனமானது. அந்தக் கனத்த விரல் வளையத்துக்குள் நுழையவே இல்லை. சுப்பீரியர் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள், வருடத்தில் பாதி நாள் கையுறையோடு இருப்பவள், கத்தியை வெறுங்கையோடு பார்த்து வாங்கியிருக்கிறாள். வேறு கத்திக்குச் சொல்லி அனுப்பினாள். அது வரும்வரைதான் இந்தக் கத்தரிக்கோல் ஏற்பாடு.

ரேடியோ கரகரத்தது. ஷெல்லி நீமி அழைத்திருந்தாள். அவள் கணவன் டேரில் காலையில் உறைந்த ஏரிமேல் இருக்கும் மீன்பிடிக் குடிலுக்குப் போனான். போகும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

வேட் அதற்குமேல் ஜோக் அடிக்கவில்லை.

டேரில் ஐலாவோடு பள்ளியில் படித்தவன். மர ஆலை மூடியதிலிருந்து அவன் யாரோடும் பேசுவதில்லை என்று ஊரில் சொன்னார்கள். கரையில் அவன் வண்டி நின்றது. ஏரிமேல் நீமி சகோதரர்களின் குடில்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று தள்ளி. இரண்டின் புகைக்குழாயிலும் புகை வருகிறதா, காற்று அள்ளும் பனியா என்று தெரியவில்லை.

"அண்ணன் குடிலை நான் பாக்கறேன்," என்றான் வேட். "நீ டேரில் குடிலுக்குப் போ. அவன் இருந்தா உள்ள போகாதே. கூப்பிடு."

காற்று முகத்தில் அறைந்தது. பாதி தூரத்தில் வெட்டிய விரல் குத்தியது, பிறகு எரிந்தது. குடிலின் கதவை அடையும்போது எரிச்சல் நின்று விரல் மரத்திருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் தட்டுமுன்பே கதவு திறந்தது. அடுப்பில் காப்பிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்க, டேரில் வாசலில் நின்றான். பெரிய மீன்பிடிக் கையுறைகள் போட்டிருந்தான். கண் சிவந்திருந்தது; ஆனால் சாராய வாடை இல்லை.

"நீயா வந்தே, ஐலா? வேற யாராவது வந்திருக்கலாம்."

"ஷெல்லி பயந்துட்டா. வா, வீட்டுக்குப் போலாம்."

"காப்பி குடிக்கறியா?"

"வண்டியில குடிக்கலாம். வா."

அவன் தலையாட்டினான். வருவதுபோல ஒரு எட்டு வைத்தான். அடுத்த கணம் அவன் தோள் அவள் மார்பில் மோதியது. இருவரும் வெளியே விழுந்தார்கள். அவள் முதுகு பனிக்கட்டியில் அறைந்தது, மூச்சு நின்றது. அவன் இரண்டு கைகளும் அவள் வலது இடுப்பில் இருந்தன.

"உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒரே நிமிஷம் குடு, ஐலா. ஒரே நிமிஷம்."

"வேட்!" என்று கத்தினாள். காற்று அதை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது.

வலது கையால் துப்பாக்கியை உறைக்குள் அமுக்கினாள். அவன் கனம் மேலே. அந்தத் தடித்த கையுறைகளால் அவனால் உறையின் பூட்டைத் தேட முடியவில்லை, வழுக்கின. அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அப்போது அவன் தலையைத் தூக்கி, வலது கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து உருவித் துப்பினான்.

இந்தக் குளிரில் யாரும் சும்மா கையுறையைக் கழற்றுவதில்லை. அவள் அதே வேலையைக் கத்தரிக்கோலால் செய்தவள். அவனும் முடிவு செய்துவிட்டான் என்று புரிந்தது.

இடது கை வயிற்றை நோக்கிப் போனது. விரல் வளையத்துக்குள் போனதா இல்லையா? தெரியவில்லை. விரல் இருக்கிற இடமே தெரியவில்லை. இழுத்தாள். கையில் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மோவாயைத் தாழ்த்திப் பார்த்தாள். வெள்ளை விரலில் வளையம், அதிலிருந்து நீட்டிய கத்தி. பார்த்துத்தான் நம்பினாள்.

"டேரில், கத்தி வச்சிருக்கேன். விடு!"

அவன் விடவில்லை. முழங்கைக்குக் கீழே அவன் கையை அறுத்தாள். கனத்த கோட்டு கிழிந்து பஞ்சு பறந்தது. அவனுக்குத் தைத்ததாகவே தெரியவில்லை. சார்ஜென்ட் சொன்ன வெண்ணெய் அவளுக்கு நினைவு வந்தது.

பூட்டு 'க்ளிக்' என்றது.

துப்பாக்கி அவள் உள்ளங்கைக்கு அடியில் மேலே எழும்பியது. முகம் தவிர அவன் தோல் தெரிந்த இடங்கள் இரண்டுதான். ஒன்று கழுத்து, அவள் கண்ணுக்கு எதிரே, காலர் விலகி, நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கத்திக்கு மிக அருகில் இருந்ததும் அதுதான். மற்றது துப்பாக்கியைப் பிடித்திருந்த அந்த வெறுங்கை. அதற்குத் தன் வயிற்றின்மேலேயே கத்தியை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். எட்டுமா என்று தெரியாது.

வளைத்தாள். அவன் கட்டைவிரலின் அடியில் வைத்து, பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தாள்.

டேரில் அலறினான். கை தானாகத் திறந்துகொண்டது. அவள் துப்பாக்கியை உள்ளே அறைந்து பூட்டி, புரண்டு, முழங்காலில் எழுந்தாள். தூரத்தில் வேட் பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிவருவது தெரிந்தது. அதற்குள் டேரில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்து ரத்தம் வழிந்து பனியில் துளைகள் போட்டது.

வேட் ரேடியோவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அந்தக் கையில் இறுக்கிக் கட்டினான். மூவரும் குடிலுக்குள் ஒடுங்கினார்கள்.

"கழுத்து கிட்டத்தானே இருந்துச்சு," என்றான் டேரில், அழுதபடி. "அங்க போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

"கழுத்தா என் துப்பாக்கியைப் பிடிச்சிருந்துச்சு?" என்றாள் ஐலா. "வாயை மூடிக்கிட்டுக் கையைத் தூக்கிப் பிடி. ஷெல்லிக்கு உன்னை முழுசாத் தரணும்."

அவன் கையைத் தூக்கிப் பிடித்தான்.

அப்போதுதான் வேட் அவள் கையைப் பார்த்தான். "கத்தியைக் கீழ வை, ஐலா."

"வைக்க முடியல."

"முடிஞ்சிடுச்சும்மா. வை."

"டேய், நிஜமா முடியல. ஒட்டிக்கிச்சு."

ஈரமும் ரத்தமும் உறைந்து வளையம் விரலோடு பிடித்துக்கொண்டிருந்தது. விரல் மெழுகு மாதிரி இருந்தது. வேட் அடுப்பின் மேலிருந்த காப்பியில் பாதியைக் கீழே ஊற்றி, பனியை அள்ளிப் போட்டுத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளையத்தின்மேல் ஊற்றினான்.

"நான் போட்ட காப்பி அது," என்றான் டேரில் மூலையிலிருந்து.

"நல்லாவே இல்லை," என்றான் வேட்.

வளையம் கழன்றது. கூடவே கொஞ்சம் தோலும் வந்தது. வேட் தன் ஜாக்கெட்டைத் திறந்து, சட்டைக்குள் அவள் கையை இழுத்து அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"அம்மாடி! ஐஸ் கட்டி! யார்கிட்டயாவது சொன்னே, தொலைஞ்சே."

"நீ கத்தரிக்கோல் கதையை ஊர் முழுக்கச் சொன்னவன்தானே?"

"வலிக்குதா? வலிச்சாத்தான் விரலுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம்," என்றான் வேட்.

"இல்லை."

ஆம்புலன்ஸ் கரைக்கு வரும் சத்தம் கேட்டது. வேட் மறுபடி கேட்டான். இல்லை என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"வலிக்குதுடா," என்றாள். "ஐயோ, வலிக்குது."

வேட் நீளமாக மூச்சு விட்டான். கையை மட்டும் விடவில்லை.