மூன்று கை கலந்த பால்

குருவி பால் குடிப்பதை நிறுத்தி இன்றோடு ஐந்து நாள். ஏழு வயதுக் குழந்தை பால் குடிக்காவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, குருவி சாப்பிடுவதே மூன்று பொருள்தான் என்பது தெரியாது: ஓரம் வெட்டிய ரொட்டி, புள்ளி விழாத வாழைப்பழம், சர்க்கரை போடாத பால்.

அவளுடைய அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரார் பிள்ளைகள் அழுவதற்குள் ரத்தம் எடுத்துவிடுகிறவள், தன் பிள்ளையின் கையைப் பிடிக்க மூன்று பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. வைட்டமின் டி குறைவு, இரும்புச்சத்தும் கொஞ்சம் குறைவு என்று முடிவு வந்தது. துத்தநாகம் குறைவுக் கோட்டை ஒட்டி நின்றது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "மூணே சாமான் சாப்பிடுற பிள்ளைக்குக் குறையாம என்ன செய்யும்? ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்க நிறையப் பேர்கிட்ட இதைப் பாக்குறோம். இப்போதைக்கு டி சொட்டு மட்டும் குடுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். எண்ணு ஏறுனா உடம்புக்கு நல்லது. பேச்சு வந்துடும்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

அந்தக் கடைசி வரி வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை என்பது இன்று காலையில்தான் தெரிந்தது. மாவு டப்பாவுக்குப் பின்னால் அம்மாவின் கைக்குத் தட்டுப்பட்டது ஒரு இரும்புச்சத்து டானிக், பாதி காலி.

"இது யாரு வேலை?"

கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். "ஒரு மூடிதான். குறைவுன்னு காகிதத்துலயே போட்டிருக்கே. எண்ணெய் குறைஞ்சா ஊத்த மாட்டோமா?"

"குருவி என்ன லிஃப்டா?"

"பால் நிறம் மாறாமப் பாத்துத்தான் ஊத்துனேன்."

"உங்க கண்ணுக்கு மாறல. அவளுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குதுங்க!"

கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அவனை ஏன் திட்டுறே? நானும்தான் துத்தநாகப் பொடி ஒரு சிட்டிகை போட்டேன். போன வாரம் 'ம்'னு சொன்னாளே, அது எதனால வந்துச்சுங்கிறே?"

"அது இருமல், அண்ணி."

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். டி சொட்டைப் பாலில் விட்டுக்கொண்டிருந்தது அவளேதான். கரண்டியில் தெரியும்படி கொடுத்தால் துப்புவாள் என்று, குருவி திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்துச் சொட்டை விட்டாள். ஆக ஒரு டம்ளருக்கு மூன்று கை. திட்டிய வாய் தன்னையும் சேர்த்துத் திட்டியிருக்க வேண்டும்.

டாக்டரம்மாவைத் தொலைபேசியில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "இரும்பைப் பால்ல கலந்தா உடம்புல ஒழுங்கா சேரக்கூட சேராதும்மா. எல்லாத்தையும் நிறுத்துங்க. பாட்டிலை எல்லாம் எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க. சத்தை அப்புறம் பாக்கலாம். முதல்ல அவ பாலை அவகிட்டத் திருப்பிக் குடுங்க."

திருப்பிக் கொடுப்பது என்றால் எப்படி? அவள் குருவியைச் சமையலறைக்கு அழைத்துவந்து, குளிர்பெட்டியைத் திறந்து, வெட்டாத பால் பாக்கெட்டை அவள் கையிலேயே கொடுத்தாள். கத்தரிக்கோலை இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். பால் பொங்கி அடங்கி ஆறும்வரை குருவி அடுப்பைவிட்டு நகரவில்லை. காவல் நின்றாள். டம்ளரை முகர்ந்தாள். ஒரு வாய். இன்னொரு வாய்.

"கலந்தாச்சா? என் பொடியையும் ஒரு சிட்டிகை போடு!" என்றார் நாத்தனார் கூடத்திலிருந்து.

குருவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு வந்த கோபத்துக்கு வீடு இடிந்திருக்க வேண்டும். "அண்ணி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். இந்த வீட்டுல இனிமே யாரும் எதையும் கலக்கக் கூடாது. நான் உட்பட!"

"நல்லதுக்குத்தானேடி செஞ்சோம்..."

"அந்த நல்லதுலதான் பிள்ளை பட்டினி கிடக்கா!"

சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குருவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாவற்றையும் குருவி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

வெளியே கணவர் கதவைத் தட்டினார். "வேலைக்கு நேரமாகலையா உனக்கு?"

குருவி டம்ளரை எடுத்து, அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே குடிக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்குத் தோள் கடுத்தது. கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தாள்.