வழுக்கிக்கொண்டு போன கோடு

கல்லூரியில் அவளுக்குப் பட்டப்பெயர் கணக்குப்புலி. ஆய்வகத்தில் எந்தக் கருவி எப்படி மக்கர் பண்ணினாலும், அவள் வரைபடத்தில் மட்டும் கோடு வழுக்கிக்கொண்டு போகும். ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. விடை என்ன வரவேண்டும் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குத் தோதாக அளவுகளை எழுதிவிடுவாள். வகுப்பே அப்படித்தான் செய்தது. அவள் கொஞ்சம் கைதேர்ந்து செய்தாள்.

அந்தக் கையோடுதான் கடல் தாண்டி, தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தாள். பரிசோதனைக் கூடத்தில் பயிற்சி மாணவர்கள் இரண்டே பேர்: இவளும், வேறொரு நாட்டுக்காரனான ஒரு நெட்டைக்கொக்கும். பயிற்சி முடிவில் ஒருவருக்கு வேலை நிச்சயம். கொக்கின் தாள்களில் ஒரே அடித்தலும் திருத்தலுமாக, கோழி கிளறின மாதிரி இருக்கும். பாவம், இவன் எங்கே தேறப்போகிறான் என்று இவளுக்கு இரக்கம்கூட வந்தது. வேலை தனக்குத்தான் என்று வீட்டுக்கும் சொல்லியாயிற்று.

ஒவ்வொரு பம்பையும் ஓடவிட்டு, வால்வை எட்டு நிலைகளில் திறந்து, எட்டு முறை அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறாவது நிலையில் அளவுமானியின் முள் 3.1-இல் நின்றது. வரவேண்டியது 3.4. இவளைக் கேட்காமலே கை 3.4 என்று எழுதியது.

வியாழக்கிழமை காலை வந்து பார்த்தால், மூன்று பம்புகள் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தன. தலைமைப் பரிசோதகர் அம்மாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கொக்கைக் காட்டி இவளிடம் சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை இவன் ஓட்டின நாலு பம்புலயும் ஆறாவது அளவு குறையுது. மூணைப் பிரிச்சுப் பார்த்தாச்சு, ஒரு கோளாறும் இல்ல. அளவுமானிதான் தப்புன்னு சொல்லலாம்னா, அதே மானியில, அதே நாள்ல, உன் பம்பு சரியா காட்டியிருக்கு. நாலாவதையும் பிரிச்சுப் பாருங்க."

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலையோ கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் கொக்கு, எல்லாம் தன் குற்றம்போல, முட்டி போட்டுத் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பிரிக்காதீங்க மேடம். மானிதான் தப்பு. எனக்கும் 3.1தான் வந்துது. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

அம்மாள் கத்தவில்லை. "இது மாதிரி இன்னும் எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

புலி என்றால் சும்மாவா? ஆறு பம்புகளின் எண்களையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். கிடங்கிலிருந்து ஆறும் திரும்பி வந்தன. நான்கு நாள் தானே நின்று, புது மானி மாட்டி, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். ஐந்து தேறின. ஆறாவது பம்பில் அளவு மறுபடி குறைந்தது. திறந்து பார்த்தால் உள்ளே சுழலும் சக்கரத்தில் விரிசல். அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கத்தில் அழுதே விட்டாள்.

பயிற்சியின் கடைசி வெள்ளிக்கிழமை அம்மாள் கூப்பிட்டார். விடைபெறத் தயாராகத்தான் போனாள்.

"பரிசோதனைக் கூடத்து வேலை அவனுக்கு. நேர்மையான பையன்."

"சரிங்க மேடம்." மனசு வலித்தது. ஆனாலும் நியாயம் என்றுதான் பட்டது.

"ஆனா, வெளிக் கம்பெனிகள் பாகங்களோட அனுப்புற சோதனைத் தாள்களைச் சரிபார்க்க எனக்கு ஒரு ஆள் வேணும். அவன்கிட்ட கொடுத்தா எல்லாத்தையும் நம்பிடுவான். நீ நம்பமாட்டே."

ஒரு கட்டுத் தாள்களை அவள் பக்கம் தள்ளினார். கணக்குப்புலி முதல் தாளை எடுத்தாள். கோடு அத்தனை அழகு. ஓர் இடத்தில்கூட நெளியவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நிமிர்ந்தாள்.

"மேடம், இதை எழுதினவங்க மோட்டாரை ஆன் பண்ணவே இல்ல."