குடத்தை வைத்துவிட்டுப் போனவள்

கடிதத்தை மோசஸ்தான் டைப் அடித்துக்கொண்டு வந்தான். பொன்னேரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லி அடிக்க வைத்து, மடங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து அண்ணியிடம் நீட்டினான். ஏஞ்சலின் ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

‘என் கணவர் ஸ்டீவன் காலமானதை முன்னிட்டுத் தங்கள் ஆலையில் எனக்கு அளிக்க முன்வந்துள்ள வேலையை ஏற்கும் நிலையில் நான் இல்லை. அதை என் கணவரின் தம்பி மோசஸுக்கு வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.’

நல்ல தமிழ்தான். ‘ஏற்கும் நிலையில் நான் இல்லை’ என்ற இடத்தில் மட்டும் அவள் கண் நின்றது. அப்படி அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

“இன்னா அண்ணி, ஒயுங்கா கீதா?”

“கீது.”

“வெள்ளிக்கிழம ஆபீசுக்கே போயி, மேடம் முன்னாடிதான் கையெழுத்து போடணுமாம். நானே வண்டில இட்டுகினு போறேன்.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் கங்கம்மா தலை நிமிராமல் சொன்னாள்: “போட்டுட்டு வந்துரு ஏஞ்சலு. அவனாவது ஒரு எடத்துல நெலையா குந்தட்டும்.”

கங்கம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மோசஸுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. போன் வந்த நாளைக்குப் போவான், வராத நாளைக்குப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கங்கம்மா நாற்பது வருஷம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள். அவள் பெற்ற இரண்டில் மூத்தவன்தான் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் பர்மனென்ட் ஆனான். அந்தக் காலனியில் பர்மனென்ட் என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. பெண் கொடுப்பவர்கள் பையனின் பெயரைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்ட மகன், ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்காக நின்றவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. எட்டு மாதம் ஆகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று ஆலை சொன்னது. முதல் உரிமை மனைவிக்கு. ஸ்டோர்ஸில், கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுத்துக் கம்ப்யூட்டரில் பதியும் வேலை.

ஏஞ்சலின் பிளஸ் டூ முடித்தவள், டைப்பிங் தெரிந்தவள். அந்த வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்று கேட்ட நிமிஷமே அவளுக்குத் தெரிந்தது. வேண்டும் என்றும் தெரிந்தது. மகள் ஏழாவது படிக்கிறாள். வேலையை விட்டுக்கொடுத்துவிட்டால், இனி நோட்டுப் புத்தகத்துக்கும் ஜுரமாத்திரைக்கும் கொழுந்தன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மோசஸ் நல்லவன், இல்லையென்று சொல்ல மாட்டான். அதுதான் அவளை இன்னும் கூசவைத்தது.

ஒரே ஒருமுறை, “நானே போனா இன்னா அத்த?” என்று கேட்டுப் பார்த்தாள்.

“இரும்பு காய்ச்சற எடத்துக்கா? புருசன வாரி குடுத்துட்டு, அவன் எடத்துலயே போயி குந்திகினான்னு சொல்லும் தெருவு. நான் சொல்லலமா, தெருவு சொல்லும்” என்றாள் கங்கம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, ஸ்டீவனின் லாக்கரைக் காலி செய்து பொருள்களை வாங்கிக்கொள்ளும்படி ஆலையிலிருந்து போன் வந்தது. ஏஞ்சலின் பொன்னேரியில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டி போனாள். லாக்கரில் இருந்தவற்றைப் பையில் போட்டு எடுத்துவந்து, கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கலியன் காத்திருந்தார். கிரேன் ஓட்டுகிறவர், ஸ்டீவனோடு பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் வந்து போனவர். சாவுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போன மனிதர்.

பையில் டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, பூட்ஸ், ஒரு புத்தகம். புத்தகத்தை மட்டும் அவள் வெளியே எடுத்தாள். பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கிய அந்தக் காலத்து நாவல். மேலட்டை போய்விட்டதால் ஸ்டீவன் காக்கித்துணி ஒட்டி வைத்திருந்தான். அப்படி முப்பது நாற்பது புத்தகம் வீட்டில் இருக்கிறது. ஷிப்டு பஸ்ஸில் போகும்போது ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயமாகக் கதை சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். ஆட்கள் அவனை ‘வாத்தியாரே’ என்று கூப்பிட்டதும் தெரியும்.

“தர்மாம்பா பொஸ்தகம்தானே அது?” என்றார் கலியன். “நீ படிச்சிகிறியாமா?”

“ரெண்டு தபா படிச்சேண்ணே.”

“இன்னா பொம்பளமா அவ! ஐயரூட்டு பொண்ணு, இருவத்திரண்டு வயசுல தாலி அறுத்தவ. மெட்ராஸ் ஸ்கூல்ல டீச்சர் வேலைக்கு வான்னு கடுதாசி வருது. மாமனாரு குறுக்க நிக்கறான். வேற ஒருத்தியா இருந்தா அயுதுகினு குந்தியிருப்பா. இவ இன்னா பண்ணா? கடுதாசிய ஜாக்கெட்டுல சொருகிகினு, தண்ணிக்கு போறேன்னு கொடத்த இடுப்புல தூக்கி வச்சா. நேரா டேசன். கொடத்த அங்கயே வச்சிட்டு வண்டி ஏறிட்டா!”

டீக்கிளாஸ் ஏஞ்சலின் கையில் நின்றது.

“வண்டி நவுந்தப்புறம் எட்டி பாத்தாளாம். ‘ஐயோ, பித்தள கொடமாச்சே, எவனாவது தூக்கினு பூடுவானே’ன்னு. பஸ்ஸே சிரிச்சுதுமா. எனக்குதான் கண்ணுல தண்ணி வந்துட்ச்சு.”

“அண்ணே, புக்குல அப்டி இல்ல.”

“இன்னாது?”

“அவ போவல. மாமனாரு வாசப்படில நிக்கும்போதே அந்த கடுதாசிய அடுப்புல போட்டுடறா. அப்புறம் விரதம், பூஜன்னு இருந்து செத்து போறா. குலவிளக்குன்னு எழுதி முடிச்சிருக்கு.”

கலியனுக்குக் கோபமே வந்துவிட்டது. “யாரான்ட சொல்ற? வாத்தியாரு நாலு நாளு சொன்னாரு எங்களுக்கு. அவரு பொய் சொல்வாரா? நீ நடுவுல தூங்கிருப்பே. ஊட்ல போயி ஒயுங்கா படி.” டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேலும் சொன்னார்: “இப்பவும் எங்க பஸ்ல எவனாவது புடிக்காத வேலைய உட்டுட்டான்னா கொடத்த வச்சிட்டான்னுதான் சொல்லுவோம். போன மாசம்கூட லோகு கொடத்த வச்சிட்டு பெயிண்டு கம்பெனிக்கு பூட்டான். பொஸ்தகத்துல இல்லாமயா பஸ்ஸு மொத்தமும் சொல்லுது?”

ஏஞ்சலின் டீக்குக் காசு கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்; திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? அந்தக் குடம் அவளுடையது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மழைநாள் காலையில் அவள் பின்கட்டில் மடவை மீன் உரசிக்கொண்டிருந்தாள். கதவருகே உட்கார்ந்து ஸ்டீவன் அந்த அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தான். கடிதம் அடுப்பில் எரிந்த இடத்தில் அவன் குரல் கம்மியது. அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

“லூசா அவ? நானா இருந்தா தண்ணிக்கு போறேன்னு கொடத்த தூக்கினு போயி, டேசன்ல வச்சிட்டு வண்டி ஏறிகினே இருந்திருப்பேன்.”

“பித்தள கொடமாச்சேடி.”

“அதுக்குதான் கொஞ்சம் வயித்தெரிச்சலா இருக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். அதை அவள் அன்றோடு மறந்துபோனாள். அவன் மறக்கவில்லை. எழுதியவர் அடுப்பில் போட்ட கடிதத்தை அவன் வெளியே எடுத்து, மனைவி சொன்ன வழியில் அந்தப் பெண்ணை அனுப்பிவைத்திருக்கிறான். நாற்பது ஆண்கள் கேட்டிருக்கிறார்கள். இது என் பெண்டாட்டி சொன்னது என்று அவர்களிடம் சொல்லவில்லை. உன் கதையைத்தான் சொன்னேன் என்று அவளிடமும் சொல்லவில்லை. எதிரில் பூக்காரப் பெண் ஒருத்தி, “இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்ட பிறகுதான் தான் அழுதுகொண்டிருப்பது ஏஞ்சலினுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மோசஸ் தன் வீட்டிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அவன் பெண்டாட்டி மெர்சியும் கூட வந்து, வாசலில் ஜெபம் செய்து அனுப்பினாள். வழியெல்லாம் மோசஸ் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தான். ஏஞ்சலின் உம் கொட்டினாள். இப்போது சொல்லிவிடலாம், இந்தப் பாலம் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே வந்ததில், ஆலை கேட்டே வந்துவிட்டது.

மனிதவள அதிகாரி திலகவதி கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “உங்க விருப்பத்தோடதான் எழுதினதாம்மா? யாரும் கட்டாயப்படுத்தலியே? நான் கேக்கணும், அது ரூல்.”

பேனா கைக்கு வந்துவிட்டது. மோசஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஏஞ்சலின் நிதானமாகச் சொல்ல நினைத்து வைத்திருந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

“எனக்கு வேணும் மேடம்.” ஏதோ சண்டைக்கு நிற்பவள்போல் குரல் ஓங்கி வந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். “அந்த வேல எனக்கு வேணும். டைப்பிங் தெரியும். ஸ்டோர்ஸ்தானே, செய்வேன்.”

“அண்ணி?” என்றான் மோசஸ்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று பயம். திலகவதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்து வைத்தார்.

வெளியே வந்தபோது மோசஸ் பைக்கருகே நின்றிருந்தான். பிளாஸ்டிக் உறை அவன் கையில் நாலாக மடிந்திருந்தது.

“ஊட்லயே சொல்லிருக்கலாமே அண்ணி.”

“சொல்லிருக்கணும். பயந்துட்டேன்.”

“என்னாண்டயா பயம்?”

“நீ சண்ட போட மாட்டேன்னுதான் பயம், மோசஸு. நீ கையெடுத்து கும்பிட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்.”

“கம்பெனில ஷூ குடுப்பாங்க, என் சைஸு எட்டுன்னு மெர்சியாண்ட சொல்லிகினு இருந்தேன்” என்றான். சொல்லும்போதே அது அவனுக்குச் சின்னத்தனமாகப் பட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை உதைத்தான். “குந்துங்க.” வீட்டில் அவளை இறக்கிவிட்டு, தாயிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனவன் அதன் பிறகு மூன்று நாள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

கங்கம்மா அன்று கத்தினாள். நாற்று நட்டு வளர்த்த கதை, மூத்தவனைப் பறிகொடுத்த கதை, இளையவன் வாயில் விழ இருந்த சோற்றைத் தட்டிவிட்ட கதை, எல்லாம் தெருவுக்குக் கேட்டது. மறுநாள் கத்தல் நின்றது. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவரையொருவர் தொடாமல் நடமாடினார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம், மறுநாள் வேலைக்குச் சேர வேண்டிய ஏஞ்சலின் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். கங்கம்மா சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்: “அவன் படிப்பானே, ஐயரூட்டு பொண்ணு கத, கடுதாசிய அடுப்புல போட்டாளே.”

“ஆமா அத்த.”

“அவளுக்கு மாமியாரு இருந்தாளா?”

“இருந்தாங்க.”

“அவ இன்னா ஆனா கடைசில?”

ஏஞ்சலின் ஊசியை நிறுத்தி யோசித்தாள். மகன் செத்த அத்தியாயத்தில் அந்த அம்மாள் மூன்று பக்கம் அழுகிறாள். அதற்கப்புறம் புத்தகம் முடியும்வரை அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டு தடவை படித்தும் அதை அவள் கவனித்ததில்லை.

“எழுதல அத்த.”

“எழுதலயா? புள்ளய தூக்கி குடுத்தவ. சோறு துன்னாளா, செத்தாளான்னுகூட எழுத மாட்டானா?”

ஏஞ்சலின் புடவையைத் தள்ளி வைத்துவிட்டு மாமியார் அருகில் போய் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. அழ வந்தவர்களுக்குப் பாயும் தண்ணீரும் கொடுக்கவே அவர்களுக்கு நேரம் இருந்தது.

“அவன் உயுந்த எடம் எதுன்னு கேட்டியா நீ?” என்றாள் கங்கம்மா.

“கேட்டேன். கேட்டுக்கு வெளில, பஸ்ஸு நிக்கற எடத்தாண்ட. கலியன் அண்ணன் காட்டினாரு.”

“தெனம் அந்த எடத்த தாண்டிதான் போவியா?”

“ஆமா.”

“போவியா?”

“போவேன்” என்றாள்.

கங்கம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “எனக்கு யாரும் காட்டல. ஊட்டுக்கு கொண்டாந்து போட்டானுங்க, அவ்ளதான். ஒரு நாளு எனக்கு காட்டு.”

“மொதல் லீவுக்கு இட்டுகினு போறேன் அத்த.”

“லீவு நாளுல அங்க இன்னா கீது? அவன் போனா மாரி, வேல நாளுலயே வரேன். அந்த பஸ்ல என்ன ஏத்துவானுங்களா?”

“கலியன் அண்ணன கேக்கறேன்” என்றாள் ஏஞ்சலின்.