காயும் வரைக்கும்

பெயின்ட்டருக்கு ஏணி என்றால் பயம் வந்துவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மீனுக்குத் தண்ணீர் பயம் என்று சொன்ன மாதிரி. மீசை முளைக்காத வயதிலிருந்து சாரத்தில் ஏறி நின்றவன். ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டீ குடித்துக்கொண்டு, கீழே போகிறவர்களிடம் ஊர்க்கதை பேசியவன். போன மாதம் ஒரு காலை, மூன்றாவது மாடி வெளிச்சுவரில் ரோலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தலை கிறுகிறுத்தது. கீழே தரை ஆடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பைக் கட்டிப்பிடித்து அப்படியே நின்றுவிட்டான். கூட இருந்தவர்கள் வந்து இடுப்பைப் பிடித்து இறக்கினார்கள். வெறும் வயிற்றோடு ஏறிவிட்டேன், பித்தம் என்று சொல்லிச் சமாளித்தான். பித்தமாவது மண்ணாவது. அன்றிலிருந்து நாலு படிக்கு மேல் ஏறினால் முழங்கால் வெடவெடக்கிறது.

மேஸ்திரியிடம் நைசாகப் பேசி உள்வேலையாக வாங்கிக்கொண்டிருந்தான். கதவு, ஜன்னல், கிரில், கையெட்டும் சுவர். உயரமெல்லாம் மற்றவர்கள் தலையில். எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும்? புதன்கிழமை ஒரு பெரிய கட்டடத்தின் வெளிச்சுவர் தொடங்குகிறது, ஆள் குறைச்சல், எல்லாரும் ஏறியே ஆகவேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.  ஏறினால் விழுந்துவிடுவோம் என்று மனசு சொன்னது. ஏறமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முதலில் மனைவியிடம் சொல்லிவிட்டால் அப்புறம் உலகத்துக்கே சொல்லலாம். அங்கேதான் இடித்தது.

பெண்டாட்டியிடம் சொல்வதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். அவள் ஒன்றும் புலி இல்லை. ஆனால் அந்த வீட்டில் முக்கியமான பேச்சுக்கென்று ஒரு நேரம் இருந்தது. அவள் நகத்தில் போட்ட பாலிஷ் காய்கிற நேரம். அந்த நேரத்தைத்தான் இந்த ஜெல் பாலிஷ் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது.

அவள் பார்லரில் நகம் செய்கிறவள். காலை முதல் சாயங்காலம் வரை ஊரார் கையை மேஜைமேல் வைத்து வெட்டி, தேய்த்து, நிறம் போட்டு அனுப்புவாள். கல்யாணமான புதிதில் தொழில் கற்றுக்கொண்டிருந்தாள். தன் இடது கைக்கு அழகாகப் பூசிக்கொள்வாள். வலது கைக்கு வந்தால் இடது கை சொன்ன பேச்சுக் கேட்காது. ஒரு லீவு நாள் அவள் படுகிற பாட்டைப் பார்த்து, ஊர்ச் சுவரையெல்லாம் பூசுகிறவன் இந்த ஐந்து விரலைப் பூச மாட்டேனா என்று பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டான். பூசி முடித்ததை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னால் கண்ணாடிக்கும் சேர்த்து அடித்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரோஷக்காரன். அடுத்த செவ்வாயும் உட்கார்ந்தான், அதற்கடுத்த செவ்வாயும். பார்லருக்குச் செவ்வாய் லீவு என்பதால் இவனும் அன்றைக்கு வேலை வைத்துக்கொள்ள மாட்டான். பாட்டில் வாயில் பிரஷ்ஷை வழித்து, நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு இழுப்பு. கை தேறிவிட்டது. மெல்லிசாக முதல் பூச்சு, அது காய்ந்த பிறகு இரண்டாவது. ஃபேன் போடவே விடமாட்டான். ஃபேன் போட்டால் மேலே மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் என்பது பெயின்ட்டர் சட்டம். வியர்த்துக் கொட்டினாலும் இருவரும் புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவள் பத்து விரலையும் விரித்துக்கொண்டு மகாராணி மாதிரி இருப்பாள். மூக்கு அரித்தால் இவன் சொறிந்துவிட வேண்டும். ஆரஞ்சுச் சுளையை இவன் உரித்து வாயில் போட வேண்டும். போனை எடுக்க முடியாது, அடுப்படிக்கு ஓட முடியாது, கோபம் வந்தால் கதவைப் படாரென்று சாத்தவும் முடியாது. அதனால் சொல்லக் கூச்சப்பட்ட எல்லாவற்றையும் அப்போதுதான் சொல்லிக்கொண்டார்கள். மார்பில் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது, டாக்டரிடம் போக வேண்டும் என்று அவள் சொன்னது அப்போதுதான். அது ஒன்றுமில்லை என்று ஆனது. குழந்தை இல்லாவிட்டால் போகிறது, எனக்கு நீ இருக்கிறாய், அது போதும் என்று இவன் சொன்னதும் அப்போதுதான். அன்றைக்கு அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. சட்டை நுனியால் இவன்தான் துடைத்துவிட்டான். கட்டிக்கொள்ளவும் முடியாமல் இரண்டு கையையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு அவள் அழுததை அவன் இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் பார்லர் முதலாளியம்மா கை வைத்தார். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் ஜெல்தான் கேட்கிறார்கள், வந்து உட்கார்ந்ததும் முதலில் உன் கையைத்தான் பார்க்கிறார்கள், ஜெல் போடுகிறவள் நகத்தில் சாதாப் பாலிஷ் ஓரம் பெயர்ந்து கிடந்தால் யார் நம்புவார்கள் என்று கேட்டிருக்கிறார். நியாயந்தான். அவளும் ஜெல் போட்டுக்கொண்டு வந்து கையை நீட்டிக் காட்டினாள். கண்ணாடி மாதிரி பளபளத்தது. விளக்குக்குக் கீழே கையை வைத்துத் தும்மி முடிப்பதற்குள் காய்ந்துவிடுமாம். பாத்திரம் தேய்த்தாலும் துணி துவைத்தாலும் வாரக்கணக்கில் அசையாதாம். இனிமேல் லீவு நாளிலும் நீங்கள் பிரஷ் பிடிக்க வேண்டாம், நிம்மதியாகப் படுங்கள் என்றாள்.

நன்றாக இருக்கிறது என்றான் பெயின்ட்டர். வேறு என்ன சொல்வான்?

அதன்பிறகு வந்த செவ்வாய்க்கிழமைகளில் அவள் கை சும்மா இருக்கவில்லை. துணி மடித்தது, அலமாரி ஒழித்தது, போனைத் தடவியது. இவன் ஏணி விஷயத்தை எடுக்க வாயைத் திறப்பான். குக்கர் கத்தும், அவள் எழுந்து போவாள். திரும்பி வந்து, என்னவோ சொல்ல வந்தீர்களே என்பாள். ஒன்றுமில்லை என்று மென்று முழுங்குவான். கோழை என்று தன்னையே திட்டிக்கொள்வான்.

கடைசியில் அந்தச் செவ்வாய் வந்தது. விடிந்தால் வெளிச்சுவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பாயில் படுத்துத் தூங்கிப்போனாள். வலது கை பாய்க்கு வெளியே நீண்டு கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த பெயின்ட்டருக்கு ஒரு யோசனை உதித்தது. பெயின்ட்டருக்குத்தான் அப்படி உதிக்கும். எந்தப் பூச்சுக்கும் ஒரு தின்னர் உண்டு. சுண்டுவிரல் ஒன்றில் மட்டும் ஜெல் போய்விட்டால் போதும். இன்றைக்குப் பார்லர் லீவு, திரும்ப ஜெல் போட வழியில்லை. மொட்டையாக ஒரு விரல் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. அந்தப் பாட்டிலை எடுங்கள் என்று அவளே சொல்லுவாள்.

அலமாரியின் பின்வரிசையிலிருந்து பழைய சிவப்புப் பாலிஷ் பாட்டிலைத் தேடி எடுத்தான். கெட்டிப்பட்டிருந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் பதமாக்கித் தயாராக வைத்துக்கொண்டான். பஞ்சில் தின்னரைத் தொட்டுச் சுண்டுவிரல் நகத்தில் மெதுவாக ஒற்றினான். ஒரு அசைவும் இல்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தான். ஊஹும். பழைய பூச்சு பிடிவாதம் பிடித்தால் பெயின்ட்டர் என்ன செய்வான்? வேலைப் பையைத் திறந்து, இருப்பதிலேயே மிருதுவான உப்புத்தாளைக் கிழித்து எடுத்தான். இரண்டு தேய்ப்புத்தான் தேய்த்திருப்பான்.

தின்னர் நெடி மூக்கில் ஏறி அவள் விழித்துக்கொண்டாள். ஒரு கையில் பஞ்சு, மறு கையில் உப்புத்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டுத் திருதிருவென்று முழித்தான்.

"என்ன பண்றீங்க?"

"பழைய பூச்சை எடுக்கறேன்."

அவள் எழுந்து உட்கார்ந்து சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தாள். பளபளப்பெல்லாம் போய் நகம் மங்கிக் கிடந்தது. வந்தது பாருங்கள் கோபம். நாளைக்கு முதலாளியம்மா கேட்டால் என்ன சொல்வது, வீட்டில் எலி கொறித்துவிட்டது என்று சொல்லட்டுமா, நல்லாத்தானே இருந்தீர்கள், புத்தி எங்கே போயிற்று என்று பொரிந்து தள்ளினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான். திட்டிக்கொண்டே வந்தவளின் கண்ணில் அந்தச் சிவப்புப் பாட்டில் பட்டது. மூடி தளர்த்தி, பிரஷ் வழித்து, பூசுவதற்குத் தயாராக நின்றது. திட்டு பாதியில் நின்றுவிட்டது.

"உங்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும்னுதானே நான் இதைப் போட்டுக்கிட்டேன்" என்றாள்.

"நான் கேட்டேனா?" என்றான் அவன். 

 அவள் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு காலையும் அவன் பக்கம் நீட்டினாள். காலில் ஜெல் இல்லை, பார்லரில் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிற காலை எந்த முதலாளியம்மாவும் பார்ப்பதில்லை என்றாள். பெயின்ட்டர் அந்தப் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நாளெல்லாம் நின்று குதிகால் காய்த்துப்போயிருந்தது. இத்தனை வருஷத்தில் இதை நாம் கவனிக்கவே இல்லையே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது. பிரஷ் பட்டதும் அவள் கூச்சத்தில் நெளிந்தாள். ஆடாதே, ஓரம் கெட்டுவிடும் என்று அதட்டினான். நடுவில் ஒரு இழுப்பு, ஓரத்தில் ஒவ்வொரு இழுப்பு. முடித்துவிட்டு எழுந்து ஃபேனை நிறுத்தினான்.

வந்து உட்கார்ந்து ஆரஞ்சை உரித்தான். அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் போன் கிடந்தது. ஈரம் காலில்தானே, கைதான் சும்மா இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு அவள் கையைப் பார்த்தான். அவளும் அவன் பார்வை போன திக்கைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பழைய மாதிரி பத்து விரலையும் விரித்து இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஈரமா இருக்கு" என்று சொல்லி வாயைத் திறந்தாள்.

அவன் சுளையைப் போட்டான். அவள் மென்று விழுங்கினாள்.

"சொல்லுங்க. ஒரு மாசமா எதையோ வாயில அடக்கிக்கிட்டே திரியறீங்க. நான் எங்கயும் எழுந்து போக முடியாது."

பெயின்ட்டர் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டான்.

"என்னால ஏணியில ஏற முடியலை" என்றான். "பயமா இருக்கு."

ஒன்று வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. மூன்றாவது மாடி, ஆடிய தரை, இல்லாத பித்தம், வெடவெடத்த முழங்கால், விடிந்தால் காத்திருக்கிற வெளிச்சுவர். இத்தனை வயதுக்குமேல் பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுக்கப்போகிறேன், உன்னிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றான்.  அவள் தூக்கிய கை தூக்கியபடி இருந்தது. கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

அவன் வழக்கம்போலச் சட்டை நுனியைத் தூக்கிக்கொண்டு துடைக்கப் போனான். அதற்குள் அவள் இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நகம், நகம்" என்று பதறினான், பழக்கதோஷத்தில்.

"அது எப்பவோ காஞ்சாச்சு" என்றாள் அவள். பிடியை விடவில்லை.

அவன் அழுதான். அவள் அவன் பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு ஏற வேண்டாம், உயிரோடு கீழே நிற்கிற பெயின்ட்டர் எனக்குப் போதும் என்றாள். மேஸ்திரியிடம் நான் வந்து பேசட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், உன்னிடம் சொல்லிவிட்டேன் அல்லவா, இனி நானே சொல்லிக்கொள்வேன் என்றான். நிஜமாகவே அது இப்போது பெரிய மலையாகத் தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் கால் கட்டைவிரல் பாயில் உரசிச் சிவப்பு முழுவதும் இழுபட்டுக் கிடந்தது. பாயிலும் ஒரு தீற்றல். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பஞ்சில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு அதைத் துடைத்தான். ஒரு துடைப்பில் வந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து பூச வேண்டும், திரும்பக் காய வேண்டும். மீதி ஆரஞ்சுச் சுளைகளை அவள் பிரித்து அவன் வாயில் போட்டாள்.