ஜீப்பாட்டம்

ஒத்திகை நடந்துகொண்டிருந்த மண்டபத்துக்குள் ஈஸ்வரபாண்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். தாளம் போட்டுக்கொண்டிருந்த உமாதேவியின் கை அப்படியே நின்றுவிட்டது. தரையில் சாக்பீஸால் போட்ட கட்டத்துக்குள் பதினெட்டுப் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். உமாதேவியின் தாய்மாமனான அவருக்கு அந்தக் கட்டத்தின் அளவு பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவருடைய ஜீப்பின் அளவு.

உமாதேவியின் அம்மா மாயக்காள் அப்படிப் போகும்போதுதான் கம்பம்மெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து செத்தாள். ஓட்டியவர் கூடப்பிறந்த தம்பியான இதே ஈஸ்வரபாண்டி. பிரேக் பிடிக்கவில்லை என்றார். எத்தனை பேரை ஏற்றியிருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. தாயில்லாப் பிள்ளையை வளர்த்தவரும், ஊர் சிரிக்கச் சிரிக்க அவளை நடனம் படிக்கச் சென்னைக்கு அனுப்பியவரும் அவர்தான். எத்தனையோ மேடைகளுக்கு ஆட்டம் அமைத்துவிட்டு, இப்போது சொந்த ஊரில் அந்த ஜீப் பயணத்தையே ஆட்டமாக்க வந்திருந்தாள். முளைப்பாரிக்கு அம்மா அடித்த கும்மியிலிருந்துதான் தொடங்கினாள். கும்மிக்குக் கை வீச இடம் வேண்டும். கட்டத்துக்குள் இடமில்லை. பெண்கள் பக்கத்திலிருப்பவளின் முதுகில் தட்டித் தாளம் போட்டார்கள்.

"என் பேரு வருமா ஆத்தா?" என்றார் மாமா.

"யாரு பேரும் வராது மாமா."

"வந்தாக்கூடத் தாங்கிக்கிருவேன். டிரைவருக சங்கத்துல கூடிப் பேசுறாக. ஆடுனவளுக எவளையும் இனி ஏத்தக் கூடாதுன்றாக. நீ ஆடிட்டு மெட்ராஸ் போயிருவ. இவளுக இங்கனதான கெடக்கணும்?"

அவர் குரலை உயர்த்தவேயில்லை. அவர் போனதும் உமாதேவி, அந்தப் பெண்களில் பாட்டு எடுத்துக் கொடுக்கும் ஜோதிலட்சுமியிடம், "விட்ரலாமாக்கா?" என்று கேட்டாள்.

"பயமாத்தான் இருக்கு," என்றாள் ஜோதிலட்சுமி, கொண்டையை முடிந்தபடி. "தெனமும் அந்த வளைவுல பயப்படத்தான செய்யுறோம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தைத் திடலில் ஆடினார்கள். டிரைவர்கள் ஜீப்புகளைச் சுற்றிலும் கொண்டுவந்து நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்தார்கள். புகையில் கண் எரிந்தது, பாட்டு ஒரு வரிகூடக் கேட்கவில்லை. முதுகில் விழும் தட்டலையே தாளமாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஆடி முடித்தார்கள். யாரும் கை தட்டவில்லை. அத்தனை சனமும் அப்படியே கலைந்து போனது.

மறுநாள் விடியுமுன் அவளும் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனாள். ஒவ்வொரு ஜீப்பாக வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பதினெட்டுப் பேரும் தூக்குச்சட்டியும் கையுமாக நின்றார்கள். ஜோதிலட்சுமி எந்த டிரைவரையும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. தன்னால்தானே என்ற நினைப்பு உமாதேவியை அங்கிருந்து நகர விடவில்லை.

கடைசியாக மாமாவின் ஜீப் வந்தது. வருஷக்கணக்காக ஆள் வைத்து ஓட்டுகிறவர், இன்று தானே உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஏறினார்கள். வேறென்ன செய்வது?

"நீயும் ஏறு," என்றார் அவளிடம். "ஆடிக் காட்டுனேல்ல."

"ரெண்டு நடையாப் போவோம் மாமா."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, மன்னிப்பா, இல்லை இரண்டும் இல்லாத வேறு ஏதாவதா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா செத்த பிறகு அவள் ஜீப்பில் கால் வைத்ததில்லை. ஜோதிலட்சுமி கை நீட்டினாள். அதைப் பிடித்து உமாதேவி ஏறினாள்.

அடிவாரம் தாண்டியதும் குளிர் அடித்தது. முதல் வளைவு வருமுன்பே பெண்கள் உள்பக்கமாகச் சாய்ந்தார்கள். அவள் உடம்பு மட்டும் பிந்திச் சாய்ந்தது. கண்ணாடியில் மாமாவின் கண்கள் அவளைத் தேடிப் பிடித்தன. மேலே, மேகத்துக்குள்ளிருந்து, இறங்கி வரும் ஏதோ ஒரு லாரியின் ஹாரன் நீளமாகக் கேட்டது. அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் கியரை மாற்றினார்.