சரியாக விழுவது

பல்கலைக்கழகத்தில் அனிமேஷனும் கணினி விளையாட்டு வடிவமைப்பும் படித்த அக்காவுக்குத் தம்பிதான் சம்பளம் கேட்காத நடிகன். அவள் உருவாக்க வேண்டிய எந்த அசைவையும் முதலில் அவன் செய்து காட்டுவான். அவள் போனில் படம் பிடித்துக்கொள்வாள். பிறகு அதை ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்து, திரையில் இருக்கும் உருவத்தின் முழங்காலையும் தோளையும் அதன்படி வளைப்பாள். அவளுடைய கிழவர்கள், திருடர்கள், வயிற்றில் தலையணை கட்டி அவன் நடந்து காட்டிய கர்ப்பிணி எல்லோருக்கும் அவன் நடைதான். வகுப்பில் அவனை ‘ஸ்டண்ட் மாஸ்டர்’ என்றே சொன்னார்கள்.

கடைசி ஆண்டு விளையாட்டில் ஒரு பையன் மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி தாவ வேண்டும். தாவல் தப்பினால் விழ வேண்டும். அதற்காகத் தம்பி கட்டில்மேல் ஏறி நின்று, தரையில் போட்ட மெத்தையில் விழுந்தான்.

ஆசிரியர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இவன் விழலம்மா, படுக்கப் போறான். விழறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாக்குறான் பாரு. மெத்தை இருக்கான்னு பாக்குறான். அதுதான் கெடுக்குது.”

வீட்டில் சொன்னதும் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “மெத்தைய எடுத்துட்டு உங்க சாரையே வந்து விழச் சொல்லு.”

“ஒழுங்கா ஒரே ஒரு தடவைடா.”

“டைரக்டரம்மா, இந்த வாரம் கால்ஷீட் இல்ல. ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம். நான் விழறதப் பாத்து உங்க சார் அழுதுடணும்.”

சனிக்கிழமை, தெருமுனையில் திரும்பிய லாரி அவன் சைக்கிளைக் கவனிக்கவில்லை.

அவள் வகுப்புக்குத் திரும்பியபோது ஆசிரியர் தனியே கூப்பிட்டார். “அந்தக் காட்சிய அப்படியே விட்டுடும்மா. நல்லாத்தான் இருக்கு.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒழுங்காக விழுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். இரக்கப்பட்டுப் போடும் மதிப்பெண் அவனுக்கு வேண்டாம். அந்த வீழ்ச்சியைத் தானே சரிசெய்வது என்று முடிவு செய்தாள்.

வீட்டில் போனில் எடுத்த படத்தையும் திரையில் இருக்கும் உருவத்தையும் அருகருகே வைத்து, முன்னும் பின்னும் ஓட்டித் தலையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டே அம்மா பின்னால் வந்து நின்றாள்.

“எதுக்குடி அவன் தலையத் திருப்புற?”

“மெத்தையப் பாக்குறாம்மா. அது இருக்கக் கூடாது.”

“மெத்தை அந்தப் பக்கமில்ல கெடக்கு? அவன் உன்னைத்தானே பாக்குறான்.”

அக்காவின் கை மௌஸின்மேல் நின்றுவிட்டது. அம்மா சொன்னது சரி. போனைப் பிடித்திருந்தவளைத்தான் அவன் பார்த்திருந்தான். அம்மா, மடித்த சட்டையையே மறுபடி உதறி மடித்தாள்.

அதற்குப் பிறகும் அக்கா அந்தப் பார்வையை அழித்தாள். இப்போது உருவம் யாரையும் பார்க்காமல் விழுந்தது. கை காற்றைப் பிடிக்கத் துழாவ, தோள் முந்திக்கொள்ள, உடம்பின் முழுக் கனத்தோடு விழுந்தது. ஆசிரியர் கேட்டது இதைத்தான். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

மாணவர் கண்காட்சியில் அவள் கணினி முன்னால் வரிசை நின்றது. ஒழுங்காகத் தாவத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு பெண் வேண்டுமென்றே விழவைத்து, “சூப்பரா விழறான்டி, வந்து பாரேன்!” என்று தோழியைக் கூப்பிட்டாள்.

சுவரோரம் நின்றிருந்த அம்மா விறுவிறுவென்று வந்தாள். அந்தப் பெண் எழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள். மாடி விளிம்பில் உருவம் நின்றது.

“ஆன்ட்டி, அந்தப் பட்டனை அமுக்குங்க.”

“வேணாம்மா. நிக்கட்டும்.”

யாரும் எதையும் அழுத்தாதபோதும் உருவம் கல்லாக நின்றுவிடக் கூடாது; அதற்கும் ஓர் அசைவு செய்து வைக்க வேண்டும். அதற்காகவும் அக்கா தம்பியைத்தான் நிறுத்திப் படம் பிடித்திருந்தாள். சும்மா நிற்க மட்டும் அவனுக்கு வரவே வராது. திரையில் அவன் கால் மாற்றி நின்றான். மார்பு ஏறி இறங்கியது.

“மூச்சு விடுறான் பாருடி,” என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து ஆசிரியர், வெளியிலிருந்து வந்த தேர்வாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். “அந்த விழற காட்சிய சாருக்குக் காட்டும்மா. அதுதான் இதுல முக்கியம்.”

அக்கா அம்மாவின் மடியைப் பார்த்தாள். இரண்டு கைகளும் கன்ட்ரோலரைப் பொத்தியிருந்தன.

“மன்னிச்சுக்கங்க சார்,” என்றாள். “இப்ப விழ மாட்டான்.”