உதாரணத்தில் போட்ட பெயர்

சுரேகா எழுதியது எல்லாமாகப் பதினான்கு பக்கம். அதில் ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அதைப் பிழை என்று சொல்வதா வேண்டாமா என்று நீங்களே பாருங்கள், பிள்ளைகளே. எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் வட்டக்கச்சிப் பிள்ளை. கிளிநொச்சி நகரத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இயங்கிய கணினி அலுவலகத்தில் வேலை. பொறியியலாளர்கள் செய்கிற கருவிகளை எப்படிப் பாவிப்பது என்று மற்றவர்களுக்கு விளங்க எழுதிவைப்பதுதான் அவளுடைய பொறுப்பு.

அந்த அலுவலகத்துக்குக் கொழும்பில் பதினொரு கணினிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. கடைகளுக்கு ஒரு சேவை, பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சேவை என்று பலதும் அவற்றில் ஓடின. வெள்ள அழைப்பும் அதில் ஒன்று. இரணைமடுக் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீரை வெளியே விட அதன் வான்கதவுகளைத் திறக்கப்போகிறார்கள் என்றால், கண்டாவளைப் பக்கத்துத் தாழ்நிலத்தில் முந்நூற்று நாற்பது பேரின் போன்கள் ஒரே நேரத்தில் அடிக்கும். எடுத்தால் சுரேகாவின் குரல் பேசும். ஆறுதலான குரல். முன்பே பதிந்துவைத்தது.

கணினிகளைத் திருத்துவதென்றால் சேவைகளை நிறுத்த வேண்டும். கையால் நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் அந்தக் கூட்டம் தானாகவே அவற்றை எழுப்பிவிடும். அப்படித்தான் அதைக் கட்டியிருந்தார்கள். அதனால் தயாபரன் என்ற மூத்த பொறியியலாளர் ஒரு கருவி செய்தார். சேவையின் பெயரைக் கொடுத்தால் அதை நிறுத்தும், திரும்ப எழும்பாதபடி பூட்டும். பூட்டைத் திறக்க அவரால் மட்டும்தான் முடியும்.

அதற்கு விளக்கம் எழுதும்போது, உதாரணக் கட்டளையில் சுரேகா முதலில் 'சேவையின்-பெயர்' என்றுதான் போட்டாள். சோதித்துப் பார்த்தவர் அதையே எழுத்துக்கு எழுத்து அடித்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று முறைப்பாடு அனுப்பினார்.

"பாத்தீரே?" தயாபரன் சிரித்தார். "உண்மையான பேர் ஒண்டைப் போடும். அப்பதான் சனத்துக்கு விளங்கும்."

"எந்தப் பேரை அண்ணா?"

"உமக்குத் தெரிஞ்ச ஏதாவது."

அவளுக்கு நெருக்கமான பெயர் ஒன்றுதான் இருந்தது: 'வெள்ள-அழைப்பு'. அதைப் போட்டாள்.

மார்கழி மழை ஒரு கிழமையாக விடவில்லை. யானை வீட்டு மதிலை உடைத்துவிட்டதென்று தாயார் அழைத்ததால் தயாபரன் ஒருநாள் காலை தன் ஊரான ஒட்டுசுட்டானுக்குப் பஸ் ஏறினார். அன்று மதியம் நெருங்கும்போது மருந்துக்கடைக்காரர் படியில் நின்று கத்தினார். "தங்கச்சி, வான்கதவு திறந்தாச்சாம்!"

சுரேகா தன் போனைப் பார்த்தாள். அவளுடைய இலக்கமும் அந்த வெள்ள அழைப்புப் பட்டியலில் இருந்தது. அது அடிக்கவில்லை.

திரையைத் திறந்தாள். வெள்ள அழைப்பு, நிறுத்தப்பட்டது, பூட்டப்பட்டது, பத்து ஐம்பத்திரண்டு. செய்தவர் கொழும்பில் வேலைசெய்யும் யதுர்ஷன். உடனே அவனை அழைத்தாள்.

"அக்கா, நான் பள்ளிக்கூடச் சேவையைத்தான் நிப்பாட்ட வெளிக்கிட்டனான். உங்கட ஒன்பதாம் பக்கத்தில இருந்த வரியை அப்பிடியே எடுத்துப் போட்டுட்டு, பேரை மாத்த மறந்துபோனன்." அவன் விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது. "திருப்பி எழுப்பிறதுக்கு எந்தப் பக்கம் பாக்கிறது?"

"அப்பிடியொரு பக்கம் இல்லை தம்பி."

தயாபரனின் போன் எடுபடவில்லை. மாங்குளம் தாண்டினால் காடு; அங்கே அலை கிடையாது. பட்டியலோ நின்றுபோன சேவைக்குள் அகப்பட்டுக் கிடந்தது. ஆட்களைப் பதியப் போன நாளில் சுரேகா கையால் எழுதிய இருபத்தேழு இலக்கங்கள் மட்டும் ஒரு கொப்பியில் இருந்தன. ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினாள்.

"மெசின் சொல்லேல்லையே," என்றார் முதலில் எடுத்தவர். "அது அடிச்சால் வெளிக்கிடுவம்."

"ஐயா, மெசினில கதைக்கிறதே நான்தான்!"

"சும்மா இருங்கோ. அந்தப் பிள்ளை இப்பிடிப் பதறாது."

அவள் குரலை இறக்கிப் பார்த்தாள். நடுக்கம் இறங்கவில்லை. சிலர் நம்பினார்கள். சிலர் எடுக்கவேயில்லை.

பத்தொன்பதாவது இலக்கம் மீனம்மா. மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம், இப்போது தனியாள். பதினான்கு ஆடுகள்தான் அவருக்கு எல்லாம்.

"ஐயய்யோ புள்ள! ஆட்டையெல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்ல கட்டியிருக்கேன்!"

"அம்மா, அங்கால போகாதேங்கோ. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ."

"கட்டிப்போட்ட சீவன் எப்படிம்மா ஓடும்? நான் அவுத்துவிட்டுட்டு வாரேன்."

போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. இன்னும் எட்டு இலக்கங்கள் மிச்சம். மீனம்மாவையே அழைத்துக்கொண்டிருப்பதா, இருபதாவதுக்குப் போவதா? அவள் இருபதாவதை அழுத்தினாள். அந்த இடத்தில் நான் என்றாலும் வேறென்ன செய்திருப்பேன்? ஆனாலும் அழுத்தும்போது ஒரு கிழவியைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவதுபோல அவளுக்கு இருந்தது.

மழையில் ஊர்ந்த பஸ் காட்டைத் தாண்டி, மூன்று மணிக்குப் பிறகுதான் தயாபரன் அகப்பட்டார். விசயம் கேட்டதும் தன் போனிலிருந்தே பூட்டைத் திறந்தார். சேவை எழும்பியதும், காத்துக்கிடந்த அழைப்புகள் முந்நூற்று நாற்பதும் ஒன்றாகப் போயின. பாயும் சட்டியுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்ற சனத்திடம் சுரேகாவின் குரல் நிதானமாகச் சொன்னது: "வான்கதவுகள் திறக்கப்படவுள்ளன. பதற்றப்படாமல் மேட்டுநிலத்துக்குச் செல்லுங்கள்."

அன்று முழுக்க மீனம்மாவைக் கண்டவர்கள் இல்லை.

மறுநாள் காலை, சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குச் சுரேகா போனாள். ஒரு வகுப்பறை வாசலில் மீனம்மா ஈரச் சேலையோடு குந்தியிருந்தார். பக்கத்தில், பதினான்கில் மிஞ்சிய இரண்டு கிடாயும் ஒரு குட்டியும்.

"வந்துட்டியா புள்ள!" அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ போன் போடலேன்னா இதுகளும் இல்ல, நானும் இல்ல. வெடியுற மட்டும் வாய்க்கால் மரத்துமேலதான் கெடந்தேன். போனு தண்ணியில போயிருச்சு."

"அம்மா, அப்பிடிச் சொல்லாதேங்கோ. மெசினில இருந்து கோல் வராமல் போனது என்னாலதான். நான் எழுதின ஒரு வரியால."

"மெசினு நின்னா நீ என்னா பண்ணுவ?"

"அது தானா நிக்கேல்லை அம்மா. நான் எழுதிவைச்சதைப் பாத்துத்தான் நிப்பாட்டினவை."

மீனம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஒனக்குத் தூக்கமில்ல. அதான் இப்படிப் பேசுற. எழுதுனதுக்கெல்லாமா தண்ணி வரும்?"

பதினொரு கணினிகளை, பூட்டை, ஒன்பதாம் பக்கத்தை எங்கிருந்து தொடங்குவது? தொடங்கினாலும், அந்த முகத்தில் இருந்த நன்றி கொஞ்சமும் குறையப்போவதில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"இத செத்த புடிச்சிக்க," என்று மீனம்மா குட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். "சோத்துப் பார்சல் குடுக்குறாங்களாம். ஒனக்கும் ஒண்ணு வாங்கியாரேன்."

வரிசை வாசலையும் தாண்டி நீண்டிருந்தது. குட்டி தாயைத் தேடிக் கத்திக்கொண்டேயிருந்தது.